வெட்டுக் காலத்தில் எலிவேட்டர் பெயாரிங் திரும்பத் திரும்பப் போகுது: எங்க பிழை?

மில்பொறுப்பு_சம்மாந்துறை கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலை. மணிக்கு 2 தொன் நெல் போற லைன். பெரும்போக வேளாண்மை வெட்டு தொடங்கி ஈரநெல் வந்து குவியிற நேரம்தான் மெசின்கள் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா நிக்குது. மற்ற மாசங்களில் இவ்வளவு இல்லை.

கூடப் போறது மூணு இடம். நெல்லை மேலே தூக்கிற எலிவேட்டர்களின் அடிப்பெட்டியில் இருக்கிற யுசிபி 208 பெயாரிங். அரிசி தீட்டுற பொலிசரை ஓட்டுற 15 கிலோவாட் மோட்டரில் புல்லிப் பக்கத்து 6309 பெயாரிங். மூணாவது வி-பெல்ட், அது ஓரம் கிழியுது, இல்லாட்டிப் புரளுது.

தை மாசம் வந்தால் எல்லாப் பெயாரிங்கையும் கழற்றிப் புதுசு போடுறதுதான் இங்க வழக்கம், நல்லா ஓடுறதையும் சேர்த்து. அப்படிப் போட்டும் வெட்டின் முதல் வாரத்திலேயே போற பெயாரிங் இருக்கு. முதலாளி விலை கூடின பிராண்டுக்கு மாறுவம் எண்டுறார், இல்லாட்டி வைப்ரேஷன் மீற்றர் ஒண்டு வாங்குவம் எண்டுறார். ரெண்டில் எது உதவும்? பராமரிப்புக்கு ஆள் மூணு பேர், அதில் மெக்கானிக் ஒருத்தர். இந்த ஆளணியோட செய்யக்கூடிய ஒரு ஒழுங்கு வேணும்.

---

கல்லடி_ஃபிட்டர்:

தம்பி, பிராண்டைப் பற்றி யோசிக்க முன்னம், கழற்றின பெயாரிங்கை இரும்புக் கடைக்குப் போடாம வையுங்க. எந்த மெசின், எந்தப் பக்கம், என்ன திகதி எண்டு ரேப்பில் எழுதி ஒட்டுங்க. பிறகு வெளி வளையத்தை கிரைண்டரால் வெட்டித் திறந்து (கண்ணாடி போட்டுக்கொண்டு) ஓடுபாதையைப் பாருங்க. ஏன் செத்தது எண்டு அங்கதான் இருக்கு.

பாதை முழுக்க மங்கி, மண்தாள் தேய்ச்ச மாதிரி இருந்தால் தூசி உள்ளே போயிருக்கு. செம்மண் நிறத்தில் துரு இருந்தால் தண்ணி. நீலம், கபிலம் ஏறியிருந்தால் சூடு. குண்டுகளின் இடைவெளிக்கே சரியா அமுக்கின பள்ளங்கள் இருந்தால் பூட்டும்போது சுத்தியலால் அடிச்சது. குண்டு ஓடின தடம் ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்குச் சரிஞ்சு போனால் சாப்ட்டும் (சுத்துற தண்டு) ஹவுசிங்கும் (பெயாரிங் உட்காருற கூடு) நேரில் இல்லை. ஏணிப்படி மாதிரி நெருக்கக் கோடுகள் இருந்தால் அதற்குள்ளால் மின்சாரம் போயிருக்கு. வெல்டிங் செய்யேக்க ஏர்த் கிளாம்பைத் தூரத்தில் கொழுவினால் கரண்ட் பெயாரிங்கைத் தாண்டித்தான் திரும்பும். எலிவேட்டர் உடம்பில் ஒட்டு வைக்கிறதெண்டால் கிளாம்ப் ஒட்டுற இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே தகட்டில் இருக்க வேணும்.

இனி வெட்டுக் காலத்தில் மட்டும் ஏன் கூடப் போகுது எண்டது. அந்த நேரம் மூணு விசயம் ஒண்டா மாறுது. நெல் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோட வருது, பாரம் கூட, அடிப்பெட்டியில் ஒட்டிப் பிடிக்கும். வெட்டு மெசினில் வந்த நெல்லில் வைக்கோலும் சேறும் கலந்திருக்கும். வைக்கோல் அடிப்புல்லியின் சாப்ட்டில் கயிறு திரிச்ச மாதிரிச் சுத்திக்கொண்டு போய் பெயாரிங்கின் சீலை (தூசி தடுக்கிற ஓர மூடி) வெளியே தள்ளும். சீல் போனால் மிச்சத்தைத் தூசி பார்த்துக்கொள்ளும். மூணாவது, இரவு பகலா ஓடுறதால் ஹவுசிங் ஆறுறதுக்கு நேரமே இல்லை. விலை கூடின பிராண்டைப் போட்டாலும் இந்த மூண்டும் அப்படியேதான் இருக்கும்.

அடிப்பெட்டிக்குச் செய்ய வேண்டியது: பெயாரிங்கைப் பெட்டியின் தகட்டோட ஒட்டி வைக்காமல் 40, 50 மில்லிமீற்றர் தள்ளி பிராக்கெட் போட்டு வையுங்க. சாப்ட் வெளியே வாற துளைக்கு ஃபெல்ட் வளையம் போடுங்க. அப்பிடியும் கசியிற தூசி அந்த இடைவெளியால் கீழே விழும், பெயாரிங்குக்குப் போகாது. பெல்ட் இறுக்குற ரெண்டு திருகாணியையும் அளந்து சமமா இறுக்குங்க. ஒரு பக்கம் கூட ஏறினால் சாப்ட் சரியும், பெல்ட் ஓரத்துக்கு ஓடும். வெட்டுக் காலத்தில் ஒவ்வொரு வேலைமுறை (ஷிப்ட்) மாறும்போதும் மெசினை நிப்பாட்டி அடிக்கதவைத் திறந்து வைக்கோலை அறுத்து எடுக்க வேணும். நெல்லை விட முன்னம் எலிவேட்டர் முழு வேகத்துக்கு வரட்டும்.

வி-பெல்ட். விரலால் அமுக்கிப் பார்த்து "கிண்" எண்டு இருக்கிற அளவுக்கு இறுக்குறதுதான் எல்லா மில்லிலும் நடக்குது. அந்த இறுக்கம் முழுக்க மோட்டரின் புல்லிப் பக்கப் பெயாரிங்கில்தான் ஏறும். குண்டுப் பெயாரிங்கின் ஆயுள் பாரத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிரா நடக்கிறது. பாரம் கால்வாசி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி, பாரம் இரட்டித்தால் எட்டில் ஒண்டு. உங்கட 6309 சாகிறதுக்கு முதல் சந்தேகம் இங்கதான்.

சரியான அளவு: ரெண்டு புல்லிக்கும் இடையில் தொடாமல் ஓடுற பெல்ட் நீளத்தில் ஒவ்வொரு 1000 மில்லிமீற்றருக்கும் நடுவில் 16 மில்லிமீற்றர் தாழ வேணும். அந்தத் தாழ்வுக்கு எவ்வளவு விசை தேவை எண்டது பெல்ட் வகையையும் சின்னப் புல்லியின் விட்டத்தையும் பொறுத்தது, பெல்ட் கொம்பனியின் அட்டவணையில் இருக்கு. ஒரு சின்னத் தொங்கு தராசால் இழுத்துப் பார்க்கலாம். புது பெல்ட் ஒரு நாள் ஓடினதும் தளரும், அப்ப ஒருக்கா திரும்ப இறுக்க வேணும். பல பெல்ட் ஓடுற புல்லியில் ஒண்டை மட்டும் மாத்தக் கூடாது, முழுத் தொகுதியும் ஒரே தரத்தில். புல்லிக் காடியின் அடி மினுங்கினால் பெல்ட் அடியில் இருந்து ஓடுது, பக்கவாட்டில் பிடிக்கேல்ல. அதுக்குப் பெல்ட்டை மாத்தி வேலையில்லை, புல்லியைத்தான் மாத்த வேணும்.

கிறீஸ் என்ன வகை, எவ்வளவு, எப்ப அடிக்கிறீங்க எண்டும் சொல்லுங்க.

---

மின்னிணைப்பு_அக்கரைப்பற்று:

கல்லடிக் காக்கா சொன்னதுக்கு மேல மோட்டர் பக்கம் கொஞ்சம்.

வெட்டுக் காலத்தில் எல்லா மில்லும் ஒரே நேரம் ஓடும், லைன் கடைசியில் இருக்கிற ஆலைக்கு வோல்ற்று இறங்கும். இறங்குறதை விடப் பொல்லாதது மூணு பேஸும் சமமில்லாமல் வாறது. ஓட்டத்தில் இருக்கும்போது மூணு பேஸுக்கும் இடையில் அளவுங்க. உதாரணமா 402, 394, 380 எண்டு வருது எண்டால் சராசரி 392, அதிலிருந்து கூட விலகினது 12, ஆக 3 சதவீதம் சமமின்மை. வோல்ற்றில் 1 சதவீதம் கூடக்குறைய இருந்தால் அம்பியரில் 6 முதல் 10 சதவீதம் வரை கூடக்குறையும். 3 சதவீதம் இருக்கிற இடத்தில் 15 கிலோவாட் மோட்டரை 13 கிலோவாட்டுக்கு மேல் சுமத்தக் கூடாது. 5 சதவீதம் தாண்டினால் ஓட்டவே கூடாது.

மீற்றரில் சமமின்மை கண்டால் உடனே வெளி லைனைக் குறை சொல்லாமல் பனலுக்குள் பாருங்க. கொன்டக்டரின் ஒரு முனை கருகியிருந்தாலும், ஒரு லக் தளர்ந்திருந்தாலும் இதே கணக்கு வரும். மெயின் பிரேக்கரின் உள்வரும் முனையில் சமமா இருந்து மோட்டர் பெட்டியில் மாறினால் கோளாறு உங்கட பக்கம்.

பாரம் கூடினால் மோட்டரை நிப்பாட்டுற ஓவர்லோட் றிலேயின் செட்டிங்கைப் பார்க்காமல் விட்ட இடம் நிறைய. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் (தொடங்கேக்க கரண்டைக் குறைக்கிறது) றிலே மெயின் கொன்டக்டருக்குக் கீழே, அதாவது சுருளுக்குப் போற வயரில் இருந்தால், பெயர்த்தகட்டு அம்பியரை 0.58ஆல் பெருக்கின எண்ணுக்கு வைக்க வேணும். 28 அம்பியர் மோட்டருக்கு 16 சொச்சம். அங்க 28 எண்டு வைச்சால் மோட்டர் எரிஞ்சு முடியும் வரை றிலே விழாது. அடிக்கடி விழுது எண்டு செட்டிங்கைக் கூட்டுறதை நிப்பாட்டுங்க.

மாரி முடிஞ்சு தையில் ஓட்டத் தொடங்க முன்னம் நின்ற மோட்டர் எல்லாத்துக்கும் 500 வோல்ற்று மெகர் (சுருளின் மின்காப்பை அளக்கிற மீற்றர்) வையுங்க, ஒரு நிமிசம் பிடிச்சு வாசியுங்க. இப்போதைய மோட்டர்களுக்கு 40 பாகை செல்சியஸில் 5 மெகாஓம் குறைந்தது. சுருள் 10 பாகை குளிர்ந்தால் வாசிப்பு ஏறத்தாழ இரட்டிக்கும் எண்டதை மறக்கக் கூடாது. 30 பாகையில் 8 காட்டினால் அது உண்மையில் 4தான், காயப்போட வேணும். கடலோரத்து வாடையில் ரெண்டு மாசம் மூடிக் கிடந்த மோட்டர் இதில் தவறுறது சகஜம். இன்வேட்டர், கலர் சோர்ட்டர் மாதிரி இலத்திரனியல் எல்லாத்தையும் வயர் கழற்றிப் பிரிச்ச பிறகுதான் மெகர். இல்லாட்டி அதுகள் எரியும்.

---

மில்பொறுப்பு_சம்மாந்துறை:

ரெண்டு பேருக்கும் நன்றி. கிடந்த பழைய பெயாரிங்கை வெட்டிப் பார்த்தோம். அடிப்பெட்டிப் பெயாரிங்கில் பாதை மங்கல், உள்ளே தவிடு கலந்த களி மாதிரிக் கிறீஸ். மோட்டர்ப் பெயாரிங் கபில நிறம், கிறீஸ் உருகி முழுக்க சுருள் பக்கம் போயிருக்கு. இன்னொண்டு, அடிச் சாப்ட்டில் பெயாரிங் இருந்த இடம் தேய்ஞ்சு பள்ளம், மைக்ரோமீற்றரில் 39.90.

கிறீஸ் வாகனக் கடையில் வாங்குற மஞ்சள் செசி கிறீஸ். கிழமைக்கு ஒருக்கா, வெளியே வரும் வரை அடிக்கிறது. எல்லாத்துக்கும் அதேதான்.

---

கல்லடி_ஃபிட்டர்:

அப்ப விசயம் வெளிச்சம். மூணு காரணம் தனித்தனியா இருக்கு, ஒவ்வொண்டா எடுப்பம்.

சாப்ட்: யுசிபி 208க்கு 40 மில்லிமீற்றர் சாப்ட் 39.975க்குக் கீழே போகக் கூடாது. 39.90இல் உள் வளையம் சாப்ட்டில் வழுக்கிச் சுத்தும், கிரப் ஸ்குரூவை (உள் வளையத்தைச் சாப்ட்டோட பிடிக்கிற சின்னத் திருகாணி) எவ்வளவு இறுக்கினாலும் அது ஒரு பக்கம்தான் தள்ளும். புதுப் பெயாரிங் முதல் வாரத்திலேயே போறதுக்கு இதுவே போதும். சாப்ட்டை மாத்துங்க. ஒட்டு வைச்சுக் கடையலாம், ஆனால் அடிச் சாப்ட் மாதிரிச் சின்ன உருப்படிக்குப் புதுசு வெட்டுறது நேராவும் வரும், செலவும் பெரிசில்லை. சாப்ட் பெரும்பாலும் நல்லா இருந்து மெலிசாக் குறைஞ்சிருக்கிற இடத்தில் யுகே 209 பெயாரிங்கை எச் 2309 சிலீவோட போடலாம், அது 40 சாப்ட்டைச் சுத்திவரப் பிடிக்கும். ஆனால் ஹவுசிங் உயரமும் போல்ட் துளையும் மாறும். பள்ளம் விழுந்த சாப்ட்டுக்குச் சிலீவும் உதவாது.

கிறீஸ்: சாதாரண கல்சியம் கிறீஸ் தண்ணியைத் தாங்கும், சூட்டைத் தாங்காது. 60 பாகைக்கு மேல் தொடர்ந்து ஓடுற இடத்தில் உருகி ஓடும். மோட்டருக்கும் ட்ரையர், பொயிலர் பக்கத்துக்கும் லித்தியம் கொம்ப்ளெக்ஸ், இரண்டாம் இலக்கத் தடிப்பு. மோட்டரில் முதலில் இருந்த கிறீஸ் பொலியூரியாவா இருந்தால் லித்தியத்தோட கலக்கக் கூடாது, கலந்தால் தண்ணியாகும். மாத்துறதெண்டால் பழசைக் கழுவித் துடைச்சு மாத்துங்க.

அளவு: பெயாரிங்கின் வெளி விட்டம், அகலம் ரெண்டையும் மில்லிமீற்றரில் பெருக்கி 0.005ஆல் பெருக்கினால் திரும்ப நிரப்ப வேண்டிய கிராம் வரும். 6309 எண்டால் 100 தர 25 தர 0.005, பன்னிரண்டரை கிராம். உங்கட கிறீஸ் கன் ஒரு அமுக்கலுக்கு எவ்வளவு தள்ளுது எண்டு பத்து அமுக்கல் கடதாசியில் அடிச்சு நிறுத்துப் பாருங்க. பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கிட்ட வரும், ஆனால் கன்னுக்குக் கன் மாறும். வெளியே வரும் வரை மோட்டருக்கு அடிச்சால் அது சுருளுக்குள்தான் போகும், குண்டுகள் கிறீஸைக் கடைஞ்சு சூடாக்கும். வெளியேற்றத் துளையில் பிளக் இருந்தால் கழற்றி, அடிச்சு, அரை மணித்தியாலம் ஓட விட்டுத்தான் மூட வேணும். இசட்இசட் அல்லது 2ஆர்எஸ் எண்டு பொறிச்ச பெயாரிங் போட்டிருந்தால் நிப்பிளில் கிறீஸ் அடிக்கவே வேண்டாம், அது மூடினது.

அடிப்பெட்டிப் பெயாரிங் வேற கதை. தூசிக்குள் இருக்கிறதால் சீல் ஓரத்தில் மெல்லிய வளையமாப் பழைய கிறீஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்கு மெதுவா அடிக்கலாம், அது தூசிக்குத் தடுப்பு. வேகமா அமுக்கினால் சீல் தெறிக்கும். நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கன்னைக் கொழுவினால் தூசியை நீங்களே ஊசி போட்டு ஏத்துறீங்க. ஓடும்போது அடிக்க வேணும் எண்டால் நிப்பிளைக் குழாயால் காவலுக்கு வெளியே கொண்டு வாங்க.

பூட்டும்போது: சாப்ட்டில் இறுகுற பெயாரிங்கை உள் வளையத்தில் மட்டும் தள்ளுங்க. மோட்டர்ப் பெயாரிங்கைச் சூடாக்கிப் போடுறது நல்லம், 110 பாகை காணும், 120 தாண்ட வேண்டாம், காஸ் லாம்பு வேண்டவே வேண்டாம்.

---

திட்டமிடல்_வாழைச்சேனை:

தை மாதம் எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போடும் வழக்கத்தைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். அதைத் தொடர்ந்தால் மற்றவர்கள் சொன்ன திருத்தங்களின் பலன் பாதி போய்விடும்.

1978இல் யுனைட்டட் எயார்லைன்ஸ் பொறியியலாளர்கள் விமான உதிரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், வயது ஏற ஏறப் பழுதாகும் தன்மை காட்டியவை 11 சதவீதம் மட்டுமே. 68 சதவீதமானவை பூட்டிய உடனே பழுதாகும் வாய்ப்பு அதிகமாக இருந்து, அதைத் தாண்டினால் ஒரே சீராக ஓடியவை. விமானமும் அரிசி ஆலையும் ஒன்றல்ல. றப்பர் றோல், பொலிசர் சல்லடை, விசிறித் தகடு எல்லாம் தேய்ந்துதான் போகும், அவற்றை அளவு பார்த்து மாற்றத்தான் வேண்டும். ஆனால் பெயாரிங்குக்கு அந்த அறிக்கையின் பாடம் பொருந்தும். நன்றாக ஓடும் பெயாரிங்கைக் கழற்றும்போது, பூட்டும் பிழை ஏற்படக்கூடிய ஒரு வாய்ப்பைப் புதிதாக உருவாக்குகிறீர்கள், அதுவும் வெட்டுக்குச் சற்று முன்னால். முதல் வாரத்தில் போவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆகவே: கைவைக்க வேண்டிய மெசினை மட்டும் கைவையுங்கள். அந்த வேலை தைப்பொங்கலுக்கு முன் முடியட்டும். பிறகு சிறுபோக நெல்லில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, முழுப் பாரத்தில் இரண்டு நாட்களாவது ஓட்டிப் பாருங்கள். வெறும் ஓட்டம் எதையும் காட்டாது. பூட்டும் பிழை இருந்தால் அதற்குள் சூட்டிலும் சத்தத்திலும் தெரியும், திருத்த இன்னும் நாள் இருக்கும். ஓட்டி நிறுத்தியதும் கிரப் ஸ்குரூ, அடி போல்ட், பெல்ட் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள்.

பார்வைக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை மெசினின் விலையை வைத்தோ பருமனை வைத்தோ முடிவு செய்ய வேண்டாம். முதல் அறிகுறி தெரிந்ததில் இருந்து நிற்கும் வரை எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது என்று பாருங்கள், அதில் பாதிக்கு ஒரு முறை பார்வை. பெயாரிங் சத்தம் போடத் தொடங்கி இரண்டு வாரத்தில் நிற்கிறது என்றால் வாரம் ஒரு முறை போதும். அடிப்பெட்டி வைக்கோலுக்கு அவகாசம் ஒரு நாள் கூட இல்லை, அதனால்தான் கல்லடி அண்ணன் ஒவ்வொரு முறைமாற்றத்திலும் என்றார்.

மூன்று பேருக்கு இது முடியும். மெசினை ஓட்டுபவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுங்கள்: துடைப்பது, கேட்பது, வைக்கோல் எடுப்பது, எயார் தாங்கியின் தண்ணீரைத் திறந்து விடுவது. மெக்கானிக் வாரம் ஒரு சுற்று: இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒவ்வொரு பெயாரிங்கிலும் ஒரே புள்ளி, ஓட்டம் தொடங்கி இரண்டு மணித்தியாலத்துக்குப் பின். அந்தப் புள்ளியில் கறுப்பு மட் பெயின்ட் பூசுங்கள், மினுங்கும் உலோகத்தில் வெப்பமானி குறைத்துக் காட்டும். எண்ணை எழுதுங்கள். 65 பாகை நல்லதா கெட்டதா என்று தனியாகச் சொல்ல முடியாது. சென்ற வாரம் 52 இருந்தது இன்று 65 என்றால் திறந்து பார்க்க வேண்டும்.

வைப்ரேஷன் மீற்றர் பிறகு பார்க்கலாம். முதலில் வெப்பமானி, கிளாம்ப் மீற்றர், மைக்ரோமீற்றர், ஒரு நல்ல கிறீஸ் கன்.

---

பொயிலர்வீடு_நிந்தவூர்:

மீற்றர் விசயத்தில் வாழைச்சேனை அண்ணனோட எனக்கு ஒத்துப்போகேல்ல. பொயிலர் புகை இழுக்கிற விசிறி இருக்கிற ஆலைக்கு அது வேணும். உமிச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா, விசிறித் தகட்டை மண் வீசினது போலத் தேய்க்கும். ஒரு தகடு மற்றதை விடக் கூடத் தேய்ஞ்சால், இல்லாட்டி ஒட்டின சாம்பல் ஒரு பக்கம் மட்டும் உரிஞ்சு விழுந்தால், சமநிலை போகும். பெயாரிங் சூடாக முன்னமே அதிர்வில் தெரியும், வெப்பமானியில் தெரிய வரும்போது பிந்திப்போகும்.

ஹவுசிங்கில் கிடையா, நிலைக்குத்தா, சாப்ட் நீளவாட்டில் மூணு திசையும் எடுங்க. 15 கிலோவாட் வரையான மெசினுக்கு செக்கனுக்கு 1.8 மில்லிமீற்றர் வரை நல்லம், 4.5 தாண்டினால் நிப்பாட்ட வேணும். கூடினால் முதலில் தகட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்ப அளவுங்க, அதோட இறங்குறது கனக்க. இறங்காட்டி அடி போல்ட், பிறகுதான் பலன்ஸ்.

மலிவு மீற்றர் காணும். அதிர்வைப் பிரிச்சு ஆராயிற பெரிய கருவி உங்களுக்குத் தேவையில்லை.

---

திட்டமிடல்_வாழைச்சேனை:

விசிறிக்கு நீங்கள் சொல்வது சரி. அந்த ஒரு மெசினுக்காகவே வாங்கலாம்.

ஸ்பெயார் பற்றி ஒன்று விட்டுப்போனது. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வாங்கி அடுக்க வேண்டாம். ஒரு உதிரி இல்லாவிட்டால் முழு லைனும் நிற்குமா, கல்முனையில் அன்றே கிடைக்குமா என்ற இரண்டு கேள்வி. முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்றால் அது அலமாரியில் இருக்க வேண்டும். கொழும்பில் இருந்து வர வேண்டியது போயா (பௌர்ணமி) விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் மூன்று நாள் பிந்தும். அடிச் சாப்ட் ஒன்று கடைந்து, கிறீஸ் பூசி, சுற்றி, நிமிர்த்தி வையுங்கள், கிடத்தினால் வளையும். பெயாரிங்கைப் பெட்டி பிரிக்காமல் தட்டையாக, சீமெந்துத் தரையில் அல்லாமல் பலகையில். பிரபலப் பெயர்களில் போலி உலாவுவதால் அனுமதி பெற்ற முகவரிடம் மட்டும், பற்றுச்சீட்டோடு.

---

மின்னிணைப்பு_அக்கரைப்பற்று:

இன்னொண்டு. அடிக்கதவைத் திறந்து வைக்கோல் எடுக்கிறவர் சுவிட்ச்சை அணைச்சால் மட்டும் காணாது, மற்ற ஆள் மேலே நிண்டு போட்டுவிடலாம். அந்த மோட்டரின் ஐசொலேட்டரை (கரண்டை முழுக்கத் துண்டிக்கிற சுவிட்ச்) பூட்டுத் துளை உள்ளதா வாங்கிப் பூட்டி, திறப்பைக் கைவைக்கிறவரே சட்டைப்பையில் வைச்சிருக்க வேணும். பூட்டின பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருக்கா அமுக்கிப் பாருங்க, ஓடக் கூடாது. நெல் நிறைஞ்ச எலிவேட்டர் கரண்ட் இல்லாமலே பாரத்தில் பின்னால் சுத்தும், அதால பெல்ட்டைக் கட்டை கொடுத்து நிப்பாட்டிப்போட்டுத்தான் கையை உள்ளே விட வேணும்.